திரையில் தங்கிய பக்கம்

காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "மாமா, எழுந்திருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள் தம்பி மனைவி. மூன்றாம் தடவை வாய் வரவில்லை. கையைத் தொட்டாள். தொட்ட கையை உதறிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

காலை ஏழரை. ஆய்வாளர் அந்த மாடி அறைக்குள் நுழைந்தபோது ஏசி இரைந்துகொண்டிருந்தது. வெளியே அப்போதே வெயில் சுள்ளென்று அடிக்க, உள்ளே மட்டும் ஊசி குத்துவதுபோல் குளிர். பெரியவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். மெலிந்த உடம்பு. கட்டில் விரிப்பு கசங்கவில்லை. கைப்பேசி அலமாரியில் சார்ஜில் இருந்தது. காயம் இல்லை, கீறல் இல்லை. மடியில் இருந்த இடது கை, புத்தகம் படிக்கும் ஒரு மின்வாசிப்பானைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட, விட மறுத்தது என்று சொல்லலாம்.

ஆய்வாளருக்குப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதில்தான் பழக்கம் அதிகம். "அந்தம்மா கேள்வி கேட்டா சமாளிச்சிடலாம், கேட்காம உட்கார்ந்தாத்தான் மாட்டிக்குவோம்" என்று நிலையத்தில் சொல்வார்கள். இப்போதும் நாற்காலிக்கு எதிரே குனிந்தபடி அப்படியே நின்றார். பின்னால் தலைமைக் காவலர் தும்மினார். தூசி பட்டாலும் தும்முவார், குளிர் பட்டாலும் தும்முவார். அதனால் ஊருக்கே அவர் பெயர் 'தும்மல்'.

"எதைப் படிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தார்னு பார்த்துடலாமா மேடம்?" என்று தும்மல் விரலை நீட்டினார்.

"தொடாதீங்க."

"ஒரு பக்கம் தள்ளித்தான் பார்க்க—"

"ஒரு பக்கம்கூட. முதல்ல படம் எடுக்கச் சொல்லுங்க. கிட்டத்துல. எழுத்து தெரியணும்."

படம் எடுத்தார்கள். ஆய்வாளர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். சாம்பல் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து. வரிகளுக்கு இடையே இன்னும் சில வரிகள் இருந்தன. சரியாகத் துடைக்காத சிலேட்டில் நேற்றைய கணக்கு தெரிவதுபோல், வேறொரு பக்கம் மங்கலாக அடியில் கிடந்தது.

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "மாரடைப்பா இருக்கலாம். இல்ல, மாத்திரை கூடப் போயிருக்கலாம். ஏற்கெனவே பலவீனமான இதயம். ரத்தம் அனுப்பித்தான் தெரியும், அதுக்கு நாளாகும்."

"நேரம்?"

"உடம்பு அறைக்குச் சமமா ஆறிப்போச்சு. இந்த ஏசி காத்துல இப்படி ஆறணும்னா நேத்து மதியத்துக்கு மேல உயிர் இருந்திருக்காது."

அறை வாசலில் நின்றிருந்த தம்பிக்காரர் அதைக் கேட்டதும் சுவரில் கை ஊன்றினார். ஐம்பதைத் தாண்டியவர். பழப்பெட்டி தூக்கித் தூக்கி அகன்ற தோள். வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி நிற்கும் குளிர்கிடங்கு இந்த அண்ணன் தம்பி இருவருடையது. ஊரின் ஆப்பிளும் திராட்சையும் விலை ஏறும்வரை அதற்குள்தான் தூங்கும்.

"நேத்து எங்கே இருந்தீங்க?"

"பக்கத்து ஊர்ல ஏலம் மேடம். விடியக் கிளம்பினேன், திரும்பும்போது இருட்டிக்கிட்டு வந்துச்சு. நாப்பது வியாபாரி பார்த்திருக்கான். இவளும் அக்கா வீட்டுக்குப் போயிட்டு என்கூடத்தான் வந்தா."

"வந்ததும் அண்ணனைப் பார்க்கலையா?"

"மேல விளக்கு எரிஞ்சது. படிக்கிறார்னு விட்டுட்டேன். அந்தச் சிலேட்டைக் கையில எடுத்துட்டா அவருக்கு அண்ணன் தம்பி எல்லாம் அப்புறம்தான்."

"ஏசி?"

"ராத்திரி போட்டுக்கிட்டுத்தான் தூங்குவார்."

"அப்போ மதியம் வீட்ல இருந்தது யாரு?"

தம்பிக்காரர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான் படிக்கட்டிலிருந்து கத்தினாள். "வேற யாரு, அந்த நர்ஸ்தான்! மாத்திரை எல்லாம் அவ கையிலதானே இருந்துச்சு! சோறு போட்ட வீட்டுக்கு வாய்க்கரிசி போட்டுட்டாளே!"

நர்ஸ் அப்போதுதான் வேலைக்கு வந்து, வெளிக்கதவைத் திறந்துகொண்டிருந்தார். நாற்பது வயது, தோளில் துணிப்பை. தம்பி மனைவி பாய்ந்துபோய் அந்தப் பையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அக்கம்பக்கம் மொத்தமும் வாசலுக்கு வந்து பார்த்தது.

நிலையம். முற்பகல்.

நர்ஸ் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார், யாராவது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பவர் மாதிரி.

"கடைசியா அவரை எப்போ பார்த்தீங்க?"

"சாயங்காலம் நாலு மணிக்கு. பால் கொடுத்துட்டுக் கிளம்பினேன்."

"டாக்டர் மதியமே உயிர் போயிடுச்சுங்கிறார்."

"அப்போ நான் யாருக்கும்மா பால் கொடுத்தேன்?"

ஆய்வாளர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் எதையாவது கூட்டியோ குறைத்தோ சொல்லித் தொலைப்பார்கள். நர்ஸ் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முழங்காலில் ஒட்டியிருந்த தெருமண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஏசியை நீங்க போட்டீங்களா?"

"அவர் ஏசியே போட மாட்டாரும்மா. குளிர் அவருக்கு ஆகாது. அது சுவர்ல மாட்டின அழகுக்குத்தான்."

"தம்பி வேற மாதிரி சொல்றாரே."

"தம்பி எப்போ மேல வந்து பார்த்தாரு?"

தும்மல் சிரிப்பை இருமலாக்கினார். ஆய்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எந்நேரமும் படிப்பாரா?"

"சாப்பிடும்போதும் அதுதான். கீழே கிடங்குக்குப் போனாலும் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் போவார். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். பக்கம் மாத்துற ஒவ்வொரு தடவையும் கறுப்பா ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும். 'ஏன் பெரியவரே, இது ஏன் இப்படிக் கண்ணடிக்குது'ன்னு கேட்டா, 'நான்தான் அப்படி வெச்சிருக்கேன், இல்லன்னா பழைய பக்கம் போகாம ஒட்டிக்கிட்டு நிக்கும், எனக்கு ஆபரேஷன் பண்ண கண்ணு, ரெண்டு எழுத்து சேர்ந்தா ஒண்ணும் தெரியாது'ம்பார்."

ஆய்வாளரின் பேனா நின்றது.

"பழைய பக்கம் ஒட்டாது. அப்படித்தானே?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

பிறகு நர்ஸே கேட்டார்: "நாளைக்குக் காலைல என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களாமே?"

"யார் சொன்னது?"

தும்மல் கூரையைப் பார்த்தார்.

"ரத்த முடிவு வந்து என்னை வெளியே விட்டாலும், மாத்திரை மாத்திக் கொடுத்தவன்னுதானேம்மா பேரு நிக்கும்? நான் நோயாளி வீட்டுக்குள்ள போய்ப் பிழைக்கிறவ. இனி எந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும்?"

ஆய்வாளர் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கடைத்தெரு முனையில் மின்கருவி பழுதுபார்க்கும் கடை. கண்ணில் உருப்பெருக்கி மாட்டியிருந்த கடைக்காரர், ஆய்வாளர் நீட்டிய படத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இதை நாங்க பேய்னு சொல்லுவோம் மேடம்."

"காலங்காத்தால பிணம், இப்போ பேயா?" என்றார் தும்மல். "இந்த மாசத்துச் சம்பளம் செரிக்கவா போகுது."

"போன பக்கம் போகாம நின்னா பேய்தானே சார்? இந்தத் திரைக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு திரவம். அதுல பொடிப்பொடியா வெள்ளையும் கறுப்பும் மிதக்கும். கறுப்பு மேல வந்தா எழுத்து. பக்கம் மாறும்போது பழைய கறுப்பு எல்லாம் கீழே இறங்கணும். இறங்காம பாதில நின்னுச்சுன்னா இந்த நிழல்."

"ஏன் நிக்கும்?"

"திரை கிழடாயிருக்கணும். இல்ல, ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுசாத் துடைக்கிற அமைப்பைப் போடாம விட்டிருக்கணும். அதுவும் இல்லன்னா குளிர். குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையறது இல்லையா, அந்த மாதிரி. துடைச்சாலும் போகாது."

"திரும்பச் சூடானா இந்த நிழல் தானாப் போயிடுமா?"

"போகாது மேடம். திருப்பினாத்தான் மாறும். பேட்டரி செத்தாலும் கடைசியாத் திருப்பின பக்கம் எப்படி விழுந்துச்சோ அப்படியேதான் கிடக்கும்."

ஆய்வாளர் அந்தப் படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். ஜீப்பில் ஏறியபின் தும்மல் கேட்டார்: "ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சே மேடம். அந்தக் குளிர்தானே? இதுல என்ன இருக்கு?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்."

பிற்பகல். மாடி அறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சாட்சிக்கு நின்றார்கள். காலையில் இருந்த அளவிலேயே ஏசி ஓடியது. வாசிப்பானை அந்த நாற்காலியிலேயே வைத்து, அறை நன்றாகக் குளிரும்வரை எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு ஆய்வாளர் விரலால் திரையின் ஓரத்தைத் தொட்டார்.

திரை கறுத்து, வெளுத்து, புதுப் பக்கத்தைக் காட்டியது. பெருக்கித் துடைத்த தரைபோல் சுத்தம். பின்னால் திருப்பினார். காலையில் பெரியவர் கையில் இருந்த அதே பக்கம். அதுவும் சுத்தம். அடியில் கிடந்த மங்கல் வரிகளைக் காணவே காணோம்.

"திரை கிழடில்லை. துடைக்கிற அமைப்பும் போட்டிருக்கு. இந்த ஏசிக்கும் பேய் வரலை" என்றார் ஆய்வாளர்.

"அப்போ?"

ஆய்வாளர் சன்னலருகே போனார். முற்றத்துக்கு அப்பால் கிடங்கின் வெள்ளைச் சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மாடி அறையிலிருந்து வெளிப்படிக்கட்டு ஒன்று நேராக அந்த முற்றத்தில்தான் இறங்கியது.

கிடங்கு மேஸ்திரி கனத்த கதவைத் திறந்தார். பழவாசனையோடு குளிர் முகத்தில் அறைந்தது. தண்ணீர் உறையும் நிலைக்கு ஒரு முடி தள்ளி வைத்திருக்கும் அறை அது. உச்சிவரை பெட்டிகள். தும்மல் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டும் பயனில்லாமல் தும்மினார்.

"உங்களால பழம் ஒண்ணு ரெண்டு அதிர்ந்து விழுந்தா நான் பொறுப்பில்லை சார்" என்றார் மேஸ்திரி.

கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, கவிழ்த்த பெட்டியின்மேல் ஆய்வாளர் உட்கார்ந்தார். வாசிப்பான் மடியில். காத்திருக்கும்போது அவர் கண் சும்மா இருக்காது. பழுப்பேறிய சுவர். துருப்பிடித்த ஆணிகள். மங்கிய கதவுத் தகடு. அந்தக் கதவின் உட்புறத்தில் மட்டும், கிழவி கழுத்தில் புது நகைபோல், பளபளவென்று ஒரு கைப்பிடி. திருகாணியைச் சுற்றிப் புதுக் கிரீஸ்.

விரல் மரத்துப்போனபின் ஆய்வாளர் பக்கத்தைத் திருப்பினார். திரை மெதுவாக, மனமில்லாமல் கறுத்தது. வெளுத்தது. புதுப் பக்கம் வந்தது. அதன் அடியில் பழைய பக்கம் போகாமல் நின்றது. காலையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த சாட்சி ஒருவர் தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினார்.

"மேஸ்திரி, இந்தக் கைப்பிடி?"

"அது உள்பிடி மேடம். கதவு சாத்திக்கிட்டா உள்ளேயிருந்து திறக்க. ஒரு வாரமா உடைஞ்சு கிடந்துச்சு. மாத்துங்க மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. கதவுக்கு நடுவுல ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்துட்டுத்தான் உள்ளே போவோம்."

"எப்போ மாத்தினாங்க?"

"இன்னைக்கு நாங்க வேலைக்கு வரும்போது மாட்டியிருந்துச்சு. சின்ன முதலாளியே விடியக்காலைல மாட்டிட்டாராம். நல்ல மனுஷன், சொன்னதைக் காதுல போட்டுக்கிட்டாரேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர், தான் சொன்னது தனக்கே கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

மாலை. வீட்டுக் கூடம். தம்பிக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். மனைவி சுவரோரம் முந்தானையை வாயில் வைத்து நின்றாள். ஆய்வாளர் எதிரே அமர்ந்து, காலையில் எடுத்த படத்தைத் தரையில் வைத்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

தம்பிக்காரரே முதலில் வாய் திறந்தார். "அந்த நர்ஸ் ஒத்துக்கிட்டாளா?"

"உங்க அண்ணன் அந்த நாற்காலியில சாகலை" என்றார் ஆய்வாளர். "இந்தத் திரையில ரெண்டு பக்கம் தெரியுது பாருங்க. இந்தப் பக்கத்தைத் திருப்பின நேரத்துல இது உங்க கிடங்குக்குள்ள இருந்திருக்கு. அந்த ஏசிக்கு இது வராது; வெச்சுப் பார்த்துட்டோம். கிடங்குல வந்துச்சு, அதையும் பார்த்துட்டோம். ராத்திரி முழுக்கக் கிடங்குல கிடந்த உடம்பு அது. அங்க சீக்கிரமே ஆறிப்போச்சு, அதான் டாக்டர் மதியம்னு நினைச்சார். சில்லிட்ட உடம்புக்குக் காரணம் வேணும்னு நீங்கதான் ஏசியைப் போட்டீங்க. போட மாட்டார்னு நர்ஸுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியலை."

"கிடங்குக்குள்ள யார் வேணும்னாலும்—"

"ஏலத்துலேர்ந்து நீங்க திரும்பும்போது ஆளுங்க எல்லாம் போயாச்சு. வீட்ல இருந்தது நீங்க மூணு பேர். பெரியவரைத் தோள்ல போட்டுக்கிட்டுப் படியேறக்கூடிய ஆள் ஒருத்தர்தான். எல்லாத்துக்கும் மேல, அந்த உள்பிடி. ஒரு வாரமா மாத்தாதது. அதை ஏன் இன்னைக்கு விடியக்காலைல மாத்துனீங்க?"

தம்பிக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் தாழ்ந்தன.

"காலைல ஆளுங்க உள்ளே போவாங்களே மேடம்" என்றார் கடைசியில். "வேற எவனாவது மாட்டிக்கிட்டா?"

மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

பிறகு அவர் பேசியதெல்லாம் தரையைப் பார்த்துத்தான். கிடங்கை விற்றுவிடலாம் என்று மூன்று வருடமாகக் கேட்டது. தன் கண் மூடும்வரை கையெழுத்துக் கிடையாது என்று அண்ணன் சொன்னது. நேற்று ஏலத்தில் கிடங்கை வாங்கக் கேட்டிருந்த ஆள் வந்து, இது கடைசி முறை என்று சொல்லிவிட்டுப் போனது. திரும்பி வந்தபோது அண்ணன் பழம் பார்க்கக் கிடங்குக்குள் நின்றது.

"'விசிறிச் சத்தம் சரியில்லை, நீ உள்ளேயே உட்கார்ந்து கேளு, நான் மோட்டாரைப் பார்த்துட்டுப் பத்து நிமிஷத்துல வர்றேன்'னு சொன்னேன். முட்டுக் கொடுத்திருந்த பெட்டியை எடுத்தேன். கதவு சாத்திக்கிச்சு. வீட்டுக்கு வந்தேன். இவ சோறு போட்டா. ஒவ்வொரு வாய்க்கும் எந்திரிக்கணும், போய்த் திறக்கணும்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சுட்டேன்."

"அந்த நர்ஸை இழுத்துட்டுப் போனப்போ?"

"டாக்டர் மதியம்னு சொன்னாரு. நான் சொல்லலையே..."

"அதான் கேக்குறேன். நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டார்: "அந்தச் சிலேட்டை ஒரு பக்கம் திருப்பி விட்டிருந்தா?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"தொடப் பயமா இருந்துச்சு மேடம். நான் போய்க் கதவைத் திறந்தப்போ படிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரியே இருந்தார். தூக்கும்போதும் கை அதை விடலை. அப்படியே கொண்டுவந்து உட்கார வெச்சுட்டேன்." கையை இறக்கிவிட்டு, "ரொம்பத் தட்டியிருப்பார். அந்தச் சுவர்ல தட்டினா வெளியே கேட்காது" என்றார்.

ஆய்வாளர் எழுந்தார். இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தார். சொல்லாமல் விடுவது தர்மமா, சொல்வது தர்மமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அவர் விரல் முட்டியில ஒரு சிராய்ப்புகூட இல்லை" என்றார். "தட்டவே இல்லை. தம்பி வருவான்னு உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருந்திருக்கார்."

தும்மல் அவரை எழுப்பி அழைத்துப்போனார்.

நிலையத்தில் நர்ஸிடம் சொன்னபோது அவர் அழவில்லை. தன் பையைக் கேட்டு வாங்கினார். உள்ளே ரத்த அழுத்தக் கருவியின் கண்ணாடி தெருவில் விழுந்ததில் உடைந்திருந்தது. பார்த்துவிட்டு மூடினார்.

"நானே வீட்ல விட்டுட்டு வர்றேன்" என்றார் ஆய்வாளர். "முன்சீட்ல உட்காருங்க. பார்த்தவங்க எல்லாரும் பார்க்கட்டும்."

ஜீப் நகர்ந்தது. இரண்டு தெரு தாண்டியபின் நர்ஸ் கேட்டார்.

"அந்த வீட்ல இப்போ யாரும்மா இருக்கா?"

"அந்தம்மா மட்டும்தான்."

"சொந்தக்காரங்க?"

"தம்பியைக் கைது பண்ணின செய்தி தெரிஞ்சதும் வந்தவங்களும் போயிட்டாங்க."

"உடம்பு எப்போ வரும்?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல."

நர்ஸ் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தபோது, "நேரா விடுங்க" என்றார்.

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார்.

"குளிப்பாட்டணும், துணி மாத்தணும். அந்தப் பொண்ணு காலைல அவர் கையைத் தொட்டுட்டு ஓடிச்சுன்னு சொன்னீங்களே. ஒத்தையா என்ன பண்ணும்?"

"காலைல உங்களை என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. ஏன் இல்லாம?"

அதே தெரு. காலையில் வாசலுக்கு வந்த அதே முகங்கள் இப்போதும் வந்தன. ஆய்வாளர் இறங்கிச் சுற்றி வந்து, நர்ஸ் இறங்குவதற்காகக் கதவைத் திறந்து பிடித்தார். நர்ஸ் வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வீட்டு வாசலில் தம்பி மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இருவருக்கும் நடுவே நாலைந்து எட்டுதான் இருந்தது. ஆய்வாளரும் ஜீப் அருகிலேயே, ஏறாமல் நின்றார்.

தம்பி மனைவி நிலையிலிருந்து கையை எடுத்தாள். ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாள். நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பையை வைக்க ஓர் இடம் தேடினார்.